கால் எடுத்த பிறகு முதல் வருஷம்: செயற்கை கால் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்காதீங்க

கால் எடுத்தாச்சுன்னதும் வீட்ல ஆளாளுக்கு கேக்கற முதல் கேள்வி "செயற்கை கால் எப்ப போடுவாங்க"ங்கறதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பதிலே சொல்லாம என் முழங்காலுக்கு அடியில இருந்த தலகாணிய உருவி எடுத்துட்டு, "முதல்ல இதை வைக்கறத நிறுத்துங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, ஏன்னா அந்த தலகாணி இருந்தாத்தான் வலி கொஞ்சமாவது அடங்கும். அவர் செஞ்சது எவ்ளோ பெரிய விஷயம்னு ரெண்டு மாசம் கழிச்சு, எனக்கு முன்னாடியே கால் எடுத்த ஒருத்தர் முழங்கால் நீட்டவே வராம செயற்கை கால் அளவு கொடுக்க முடியாம திரும்பிப் போனத பாத்தப்பதான் புரிஞ்சுது.

அதனால இதை புதுசா வர்றவங்களுக்கு எழுதறேன். எனக்கு வலது கால், முழங்காலுக்கு கீழ. முழங்காலுக்கு மேல எடுத்தவங்களுக்கு எங்கெங்க விஷயம் மாறுதோ அங்கங்க தனியா சொல்றேன். உங்க டாக்டரோ பிசியோவோ இதுக்கு மாறா ஏதாவது சொன்னா அவங்க பேச்சை கேளுங்க, உங்க புண்ணை பாத்தவங்க அவங்க.

முதல் வாரங்கள்: மூட்டு இறுகாம பாத்துக்கறது

ஸ்டம்ப்னு எல்லாரும் சொல்றாங்களே, மிச்சம் இருக்கற கால், அதுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, விட்டா மடங்கிக்கும். வலிக்கறப்ப மடக்கி வச்சுக்கத்தான் தோணும், நாள் பூரா உக்காந்தேதான் இருப்போம், கீழ இழுத்துப் பிடிக்க பாதத்தோட எடையும் கிடையாது. முழங்காலுக்கு கீழ எடுத்தவங்களுக்கு முழங்காலும் இடுப்பும் மடங்கின நிலையிலயே இறுகும். மேல எடுத்தவங்களுக்கு இடுப்பு முன்பக்கமா மடங்கறதோட தொடை வெளிப்பக்கமா விரிஞ்சும் போகும், ஏன்னா தொடைய உள்ள இழுக்கற தசையும் பின்னாடி இழுக்கற தசையும் பாதியில வெட்டுப்பட்டிருக்கும், எதிர்ப்பக்க தசை முழுசா இருக்கும், அது ஜெயிச்சிடும். ஒரு தடவை இறுகிட்டா திருப்பி நீட்டறது பெரும்பாடு. முழங்கால் நீளாம செயற்கை கால் போட்டா எப்பவும் அரைக்கால் மடக்கி நடக்கற மாதிரிதான், கொஞ்ச தூரத்துலயே தொடை கதறும்.

அதனால செய்யக்கூடாதது: முழங்காலுக்கு அடியில தலகாணி, தொடைக்கு அடியில தலகாணி, ரெண்டு தொடைக்கும் நடுவுல தலகாணி, கட்டில் ஓரத்துல ஸ்டம்ப்பை தொங்க விட்டு உக்காருறது, ஊன்றுகோல் கைப்பிடி மேல ஸ்டம்ப்பை மடக்கி வச்சு ரெஸ்ட் எடுக்கறது. கடைசில சொன்னத நான் நிறைய செஞ்சேன், ஸ்டைலா இருக்கும், பிசியோ பாத்தா திட்டு விழும்.

செய்ய வேண்டியது குப்புற படுக்கறது. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷத்துல ஆரம்பிச்சு 30 நிமிஷம் வரைக்கும், முகத்தை நல்ல கால் பக்கமா திருப்பி வச்சுக்கிட்டு படுங்க. மூச்சுத் திணறல், இதயப் பிரச்சனைனு குப்புற படுக்க முடியாதவங்க மல்லாக்க நேரா படுத்து ஸ்டம்ப்பை படுக்கையோட அழுத்தி வைக்கலாம், அதையும் கேட்டுக்கிட்டு செய்யுங்க. வீல்சேர்ல உக்காந்தா முழங்காலை நீட்டி வைக்க ஒரு பலகை சீட்டுக்கு அடியில சொருகி நீட்டிக்கற மாதிரி கிடைக்கும், ஸ்டம்ப் போர்டும்பாங்க, முழங்காலுக்கு கீழ எடுத்தவங்க அதை கேட்டு வாங்கிக்கங்க.

உடற்பயிற்சி பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா தினமும் செய்யணும். மல்லாக்க படுத்து முழங்கால் பின்பக்கத்தை படுக்கையில அழுத்தி அஞ்சு எண்ணி விடுங்க, பத்து தடவை. காலை நீட்டின மாதிரியே ஒரு ஜாண் தூக்கி இறக்குங்க. குப்புற படுத்து பின்பக்கமா தூக்குங்க. நல்ல கால் மேல வர்ற மாதிரி இல்லாம ஸ்டம்ப் மேல வர்ற மாதிரி ஒருக்களிச்சு படுத்து பக்கவாட்டுல தூக்குங்க. சுருட்டின டவலை ரெண்டு தொடைக்கும் நடுவுல வச்சு நசுக்குங்க (பயிற்சி முடிஞ்சதும் எடுத்துடுங்க, அதை வச்சுக்கிட்டே தூங்கிடாதீங்க). அப்புறம் கைக்கு, கைப்பிடி உள்ள சேர்ல உக்காந்து ரெண்டு கையையும் ஊன்றி உடம்பை மேல தூக்கறது. இனிமே கொஞ்ச நாளைக்கு உங்க கைதான் உங்க கால், அதை மறக்காதீங்க.

பேண்டேஜ் கட்டறது, இதுதான் ரொம்ப பேர் கோட்டை விடற இடம்

ஆபரேஷனுக்கு அப்புறம் ஸ்டம்ப் வீங்கும். வீக்கம் வடிஞ்சு அது ஒரு வடிவத்துக்கு வந்தாத்தான் சாக்கெட், அதாவது செயற்கை காலோட மேல்பகுதிக் கூடு, அதுல சரியா உக்காரும். சில இடத்துல ஆபரேஷன் டேபிள்லயே மாவுக்கட்டு மாதிரி ஒண்ணு போட்டு விடுவாங்க, அது வீக்கத்தையும் தடுக்கும், விழுந்தா அடியையும் தாங்கும். பல இடத்துல எலாஸ்டிக் பேண்டேஜ்தான்.

முழங்காலுக்கு கீழன்னா 4 இன்ச் அகல பேண்டேஜ், மேலன்னா 6 இன்ச். வட்டமா சுத்தவே கூடாது, அது கயிறு போட்டு கட்டின மாதிரி ரத்த ஓட்டத்தை நிறுத்திடும். 8 போடற மாதிரி குறுக்கு குறுக்கா வரணும். நுனியில இறுக்கம் அதிகம், மேல வர வர லூசு, இதுதான் முழு சூத்திரமும். தலைகீழா கட்டினா, அதாவது மேல இறுக்கி நுனியில லூசா விட்டா, நுனி மட்டும் பல்பு மாதிரி உப்பிக்கும், அந்த வடிவத்துக்கு எந்த சாக்கெட்டும் போடறது கஷ்டம். முழங்காலுக்கு கீழ எடுத்தவங்க முழங்காலை தாண்டி ஒரு சுத்து கொண்டு போகணும், மேல எடுத்தவங்க இடுப்பை சுத்தி கொண்டு வரணும், இல்லன்னா ராத்திரி புரள்றப்ப உருண்டு சுருண்டு கீழ வந்துடும், தொடை உள்பக்கம் மேல சதை பிதுங்கிக்கும்.

அப்புறம் ஒரு தடவை கட்டிட்டா நாள் பூரா அப்படியே விடறதில்ல. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அவுத்து, தோலை பாத்து, திருப்பி கட்டணும். விண்ணு விண்ணுன்னு தெறிச்சாலோ நீலம் பாரிச்சாலோ மரத்துப் போனாலோ உடனே அவுத்துடுங்க. எனக்கு முதல் வாரம் என் அக்கா கட்டி விட்டா, பாக்க அழகா இருக்கும், அரை மணி நேரத்துல அவுந்துடும். அப்புறம் நானே கத்துக்கிட்டேன். கட்டற விஷயத்துல வீட்ல உள்ளவங்களை நம்பி இருக்காதீங்க, தானே கட்டறவங்களுக்குத்தான் எவ்வளவு இறுக்கம்னு உள்ள இருந்து தெரியும். தையல் பிரிச்சு புண் ஆறினதும் ஷ்ரிங்கர்னு ஒரு இறுக்கமான உறை கொடுப்பாங்க, மாட்டறது சுலபம். தையல் பிரிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும், சர்க்கரையோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தா இன்னும் தள்ளிப் போகும், அதுக்கு பதறாதீங்க. சிகரெட் பழக்கம் இருந்தா இப்ப விட்டுடுங்க, புண் ஆறாததுக்கு அதைவிட பெரிய காரணம் தேட வேண்டாம்.

புண் நல்லா ஆறினப்புறம் ஸ்டம்ப்பை தொட்டுப் பழகணும். முதல்ல பஞ்சு, அப்புறம் மெல்லிய துணி, அப்புறம் சொரசொரப்பான டவல், அப்புறம் விரலால லேசா தட்டறது. தழும்பை விரல் வச்சு சின்ன வட்டமா அசைச்சு விடுங்க, தோல் எலும்போட ஒட்டிக்கக்கூடாது. எனக்கு ஆரம்பத்துல அதை பாக்கவே பிடிக்காது, போர்வை போட்டு மூடி வச்சிருப்பேன். தொட ஆரம்பிச்சப்புறம்தான் அது என்னுதுன்னு ஆச்சு.

இல்லாத கால் வலிக்கறது

எடுத்த கால்ல விரல் முறுக்கும், பாதம் எரியும், கெண்டைக்கால் இழுக்கும். மனப்பிராந்தி இல்ல இது, பைத்தியமும் இல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கை கால் இழந்த சிப்பாய்ங்களுக்கு வைத்தியம் பாத்த சைலஸ் வியர் மிட்செல்ங்கற டாக்டர் 1871லயே இதுக்கு ஃபேன்டம் லிம்ப்னு பேர் வச்சுட்டார். கால் இருக்கற மாதிரி தோணறது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், வலியா வர்றது பெரும்பாலானவங்களுக்கு ஏதோ ஒரு அளவுல இருக்கும். மூளையில அந்த காலுக்கான இடம் அப்படியேதான் இருக்கு, சேதி மட்டும் வரல, அதனால வர்ற குழப்பம்.

செலவில்லாத ஒரு வழி கண்ணாடி. 1990கள்ல வி.எஸ். ராமச்சந்திரன் கொண்டு வந்தது, முதல்ல கை இழந்தவங்களுக்கு செஞ்சு பாத்தார். ஆளுயரக் கண்ணாடியை ரெண்டு காலுக்கும் நடுவுல நீளவாக்குல நிறுத்தி, நல்ல கால் கண்ணாடியில தெரியற மாதிரி உக்காருங்க, ஸ்டம்ப் கண்ணாடிக்கு பின்னாடி மறைஞ்சிடணும். நல்ல கால் விரலை மெதுவா விரிச்சு மூடுங்க, பாதத்தை மேல கீழ அசைங்க, கண்ணாடிய பாத்துக்கிட்டே எடுத்த கால்லயும் அதையே செய்யற மாதிரி நினைங்க. தினம் 15 நிமிஷம், சில வாரம் செஞ்சாத்தான் தெரியும். எனக்கு முறுக்கிக் கிடந்த கட்டை விரல் பத்து நாள்ல நிமிர்ந்துச்சு, சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. எல்லாருக்கும் வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன், சிலருக்கு பாத்ததும் தலை சுத்தும், அழுகை வரும், அப்படின்னா விட்டுடுங்க. சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்கு அவ்வளவா கேக்காது, காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி நரம்பு வலி மாத்திரை டாக்டர் எழுதித் தருவார். ஆனா ஸ்டம்ப்புல ஒரே ஒரு புள்ளியை தட்டினா கரண்ட் அடிக்கற மாதிரி வந்தா அது வேற, வெட்டின நரம்பு நுனியில முடிச்சு விழுந்திருக்கலாம், அதை தனியா காட்டுங்க.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. அரைத்தூக்கத்துல கால் இருக்கற மாதிரியே தோணும், எழுந்து அந்த காலை ஊன்றி நடக்கப் போவீங்க. நான் விழுந்தது ராத்திரி ரெண்டு மணிக்கு, பாத்ரூம் போக, நேரா ஸ்டம்ப் நுனி தரையில பட்டு தையல் விட்டுப் போய் இன்னும் மூணு வாரம் தள்ளிப் போச்சு. கட்டில்ல எந்தப் பக்கம் இறங்குவீங்களோ அந்தப் பக்கம் ஒரு சேரையோ வாக்கரையோ குறுக்க நிறுத்தி வைங்க, கால் வைக்கறதுக்கு முன்னாடி அதுல இடிச்சு முழிப்பு வரும். விடிவிளக்கு போட்டு வைங்க. ஸ்டம்ப்புல விழுந்தா வலிக்கலன்னாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

கட்டில்லருந்து சேருக்கு, சேர்லருந்து வெளிய

இடம் மாறுறப்ப வீல்சேரை நல்ல கால் பக்கமா, கட்டிலை ஒட்டி கொஞ்சம் சாய்வா நிறுத்துங்க, பிரேக் ரெண்டையும் போடுங்க, பாதம் வைக்கற தட்டை ஒதுக்குங்க, அப்புறம்தான் எழுந்திரிக்கணும். பிரேக்கை மறந்தா சேர் பின்னாடி ஓடும், நீங்க தரையில இருப்பீங்க. இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, கால் போனதால முன்பக்க எடை குறைஞ்சிடுது, அதனால மேடேறப்பவும் பின்னாடி சாயறப்பவும் வீல்சேர் மல்லாந்து கவுர வாய்ப்பு இருக்கு, ரெண்டு காலும் எடுத்தவங்களுக்கு இன்னும் அதிகம். பின்சக்கரத்தை கொஞ்சம் பின்னுக்கு தள்ளி மாட்டச் சொல்லலாம், இல்ல கவுராம இருக்க பின்னாடி சின்ன தடுப்புச் சக்கரம் போடலாம்.

ஊன்றுகோல்ல அக்குள்ல தொங்கக்கூடாது, நரம்பு நசுங்கி கை மரத்துடும். நின்னா அக்குளுக்கும் ஊன்றுகோல் மேல்பகுதிக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் இடைவெளி, கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துல, முழங்கை லேசா மடங்கி இருக்கணும், எடை எல்லாம் உள்ளங்கையில. அடியில உள்ள ரப்பர் தேஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டே இருங்க, ஈரத் தரையில தேஞ்ச ரப்பர் ஐஸ் மாதிரி வழுக்கும்.

பாத்ரூம்ல வீரம் காட்டாதீங்க. ஒத்தக் கால்ல நொண்டி அடிச்சு போறது, சுவத்தை பிடிச்சு குளிக்கறது, டவல் ராடை பிடிச்சு எழுந்திரிக்கறது, மூணும் ஆஸ்பத்திரிக்கு திருப்பி அனுப்பற வழி. வழுக்காத ஸ்டூல், சுவத்துல போல்ட் போட்ட கைப்பிடி, தரையில ஒட்டற ரப்பர் பாய், கழிப்பறை சீட் தாழ்வா இருந்தா உயரத்துக்கு ஒரு செட். வீட்டுக்குள்ள கால் மிதியடி, வயர் எல்லாத்தையும் எடுத்துடுங்க.

விழுந்தா எழுந்திரிக்கத் தெரியணும், இதை விழறதுக்கு முன்னாடியே பிசியோ முன்னாடி பழகிக்கங்க. விழப் போறோம்னு தெரிஞ்சா ஊன்றுகோலை பக்கவாட்டுல வீசிடுங்க. தரையில இருந்தா முதல்ல அவசரப்படாம மூச்சு வாங்குங்க, எங்க அடின்னு பாருங்க, அப்புறம் உக்காந்த வாக்குலயே பின்னாடி நகர்ந்து ஒரு தாழ்வான கெட்டி ஸ்டூல் இல்ல படிக்கட்டுகிட்ட போங்க, கையை பின்னாடி ஊன்றி நல்ல காலை உதைச்சு ஸ்டூல் மேல ஏறுங்க, அங்கேருந்து சேர். உதவிக்கு வர்றவங்க அக்குள்ல கை கொடுத்து தூக்க வருவாங்க, ஒரு ஸ்டூல் கொண்டு வாங்கன்னு சொல்லுங்க போதும்.

செயற்கை கால்: அளவு கொடுக்கறதுலருந்து

புண் ஆறி வீக்கம் வடிஞ்சு, பலருக்கு ரெண்டு மூணு மாசத்துல அளவு எடுப்பாங்க, சிலருக்கு முன்ன பின்ன ஆகும். மாவுல அச்சு எடுப்பாங்க, இல்ல ஸ்கேனர்ல. எந்த ஷூ போட்டு நடக்கப் போறீங்களோ அதை எடுத்துட்டுப் போங்க. ஷூவோட குதிகால் உயரத்துக்கு ஏத்த மாதிரிதான் காலை செட் பண்ணுவாங்க, பின்னாடி உயரம் மாறின செருப்பு போட்டா யாரோ முன்னாடி தள்ளற மாதிரியோ பின்னாடி இழுக்கற மாதிரியோ இருக்கும்.

எடை ஸ்டம்ப் நுனியில தாங்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க. முழங்காலுக்கு கீழ எடுத்தவங்களுக்கு பெரும்பாலும் முழங்கால் சில்லுக்கு கீழ உள்ள தசைநாண், காலோட பக்கவாட்டு, பின்பக்க சதை, இதெல்லாம் பங்கு போட்டு தாங்கணும். மேல எடுத்தவங்களுக்கு உக்காருற எலும்பும் தொடையைச் சுத்தி இருக்கற சதையும். நுனியில குத்துனா, முழங்காலுக்கு கீழ முன்பக்கம் இருக்கற எலும்பு முனையில அழுத்தினா, வெளிப்பக்கம் முழங்காலுக்கு கொஞ்சம் கீழ துருத்திக்கிட்டு இருக்கற எலும்புல உரசினா, சாக்கெட் தப்பு. "போகப் போக பழகிடும்"னு யார் சொன்னாலும் எலும்பு மேல வர்ற வலி பழகாது. செஞ்சவர்கிட்ட வாயை திறந்து சொல்லுங்க, இந்த இடம், இந்த நேரம், இத்தனை அடி நடந்தப்புறம்னு விரல் வச்சு காட்டுங்க. நான் ஒரு இடத்துல கூச்சப்பட்டுக்கிட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்து, கொப்புளம் வந்து பத்து நாள் காலை கழட்டி வச்சேன்.

முதல் நாள் 15, 20 நிமிஷம் போட்டு கழட்டி தோலை பாருங்க, அடியில பாக்க கைக்கண்ணாடி வேணும். சிவப்பு பத்து பதினஞ்சு நிமிஷத்துல மறைஞ்சா சரி, இருபது நிமிஷம் ஆகியும் அப்படியே இருந்தா திருப்பி போடாதீங்க, போய் காட்டுங்க. நல்லா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா நேரத்தை கூட்டுங்க. கழட்டினதும் பேண்டேஜோ ஷ்ரிங்கரோ போட்டுடணும். இதை மறந்து ராத்திரி வெறுமனே தூங்கிட்டு காலையில கால் உள்ள போக மாட்டேங்குதுன்னு அழுத நாள் எனக்கு உண்டு.

அப்புறம் ஸ்டம்ப் மேல போடற சாக்ஸ். ஸ்டம்ப் காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. நடக்க நடக்க சுருங்கும், ஸ்டம்ப் சாக்கெட்டுக்குள்ள கீழ இறங்கும். அதை ஈடுகட்ட 1, 3, 5னு தடிமன் போட்ட சாக்ஸ் தருவாங்க. முழங்கால் சில்லுக்கு அடியில அழுத்தற மாதிரி, நுனி தட்டற மாதிரி இருந்தா உள்ள இறங்கிட்டீங்கன்னு அர்த்தம், ஒரு சாக்ஸ் கூட்டுங்க. உள்ள முழுசா போகவே இல்ல, உயரமா நிக்கற மாதிரி இருந்தா ஒண்ணு கழட்டுங்க. சாக்ஸ்ல ஒரு சுருக்கம் கூட இருக்கக்கூடாது, சாயங்காலத்துக்குள்ள அந்த சுருக்கம் தோல்ல அச்சா விழுந்திருக்கும். சிலிகான் லைனர், அதாவது ஸ்டம்ப் மேல மாட்டற மெத்துன்னு இருக்கற உறை, அதுல அடியில சாக்கெட்டுல போய் மாட்டிக்கற பின் இருக்கற மாதிரின்னா நின்னு அழுத்தறப்ப டிக் டிக்னு சத்தம் வரும், தினம் எத்தனை டிக் வருதுன்னு எண்ணிக்கங்க, குறைஞ்சா கூடினா சாக்ஸ் மாத்தணும்னு அதுவே சொல்லிடும்.

நடக்கப் பழகறது

ரெண்டு பக்கமும் கம்பி உள்ள பேரலல் பார்ல ஆரம்பிப்பாங்க. முதல் வேலை நடக்கறது இல்ல, நிக்கறது. செயற்கை கால் மேல எடையை போட உடம்பு ஒத்துக்காது, மனசு வேற. என் பிசியோ எடை பாக்கற மெஷின் ரெண்டை வச்சு, காலுக்கு ஒண்ணா நிக்க வச்சார். நான் சமமா நிக்கறேன்னுதான் நினைச்சேன், கீழ பாத்தா 50க்கும் 14க்கும் காட்டுது. முள்ளை பாத்துக்கிட்டே இடது வலதுன்னு எடையை மாத்தி மாத்தி ஒரு வாரம். அதுக்கப்புறம் நடை தானா வந்துச்சு.

பொதுவா எல்லாரும் செய்யற தப்பு செயற்கை காலை நீளமா வீசி வச்சுட்டு நல்ல காலை அவசரமா குட்டியா எடுத்து வைக்கறது. செயற்கை கால் மேல நிக்கற நேரத்தை குறைக்க உடம்பு செய்யற தந்திரம் அது. நேர்மாறா நினைங்க, நல்ல காலை நிதானமா நீளமா எடுத்து வைங்க. முழங்காலுக்கு மேல எடுத்தவங்களுக்கு இயந்திர முழங்கால் மடங்கிடுமோன்னு பயம் இருக்கும், குதிகால் தரையில பட்டதும் ஸ்டம்ப்பை சாக்கெட்டுக்குள்ள பின்பக்கமா அழுத்தினா முழங்கால் நேரா நிக்கும். குப்புற படுத்து பின்னாடி தூக்கினீங்களே, அந்த பயிற்சி இதுக்குத்தான். மைக்ரோபிராசசர், அதாவது சின்ன கம்ப்யூட்டர் சிப் வச்ச முழங்காலும் இருக்கு, 1997ல வந்த சி-லெக் அதுல பேர் போனது, தடுக்கினா தானா இறுகி தாங்கும், ஆனா ராத்திரி சார்ஜ் போடணும், விலையும் எங்கயோ இருக்கும். அது இல்லாமலும் கோடிக்கணக்கான அடி நடந்தவங்க இருக்காங்க.

படியேற நல்ல கால் முதல்ல, இறங்க செயற்கை கால் முதல்ல. கைத்தடி நல்ல கால் பக்கத்து கையில. சரிவு ரொம்ப செங்குத்தா இருந்தா பக்கவாட்டுல, நல்ல கால் மேட்டுப் பக்கம் இருக்கற மாதிரி ஏறுங்க இறங்குங்க. சீக்கிரம் களைச்சுப் போவீங்க, அது சோம்பேறித்தனம் இல்ல, அதே தூரம் நடக்க முழங்காலுக்கு கீழ எடுத்தவங்களுக்கு ஏறத்தாழ 25லருந்து 40 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகும், மேல எடுத்தவங்களுக்கு 60லருந்து 100 சதவீதம் வரைக்கும் போகும். இதய நோய் இருக்கறவங்க இதை மனசுல வச்சு வேகத்தை குறைச்சுக்கங்க. சிலர் வீட்டுக்குள்ள காலும் வெளிய வீல்சேருமா இருப்பாங்க, அதுல தோல்வி எதுவும் இல்ல, போற இடத்துக்கு போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

தோல், லைனர், இன்னொரு கால்

ஸ்டம்ப்பை ராத்திரி கழுவுங்க, காலையில கழுவினா ஈரத்துல தோல் ஊறி லைனர் ஒட்டிக்கும். மைல்டான சோப்பு, ஒத்தி எடுக்கணும், தேய்க்கக்கூடாது. க்ரீம் போட்டா ராத்திரி மட்டும். முடியை ஷேவ் பண்ணாதீங்க, வளர்ற முடி உள்பக்கமா திரும்பி கட்டி வரும். லைனரை தினம் உள்பக்கம் வெளிய திருப்பி கழுவி, நுரை போக அலசி, நிழல்ல காய வைங்க, ரெண்டு இருந்தா மாத்தி மாத்தி போடலாம். வேர்க்கும், ஆரம்பத்துல ரொம்பவே வேர்க்கும், லைனர்லருந்து தண்ணியை கவுத்து ஊத்தற அளவுக்கு. நடுவுல ஒரு தடவை கழட்டி துடைச்சுட்டு போடுங்க. கொப்புளம், கீறல் எது வந்தாலும் அது ஆறற வரைக்கும் காலை போடாதீங்க, ஒரு நாள் பிடிவாதம் ஒரு மாசத்தை தின்னுடும்.

சர்க்கரையால கால் போனவங்க இன்னொரு காலை கண்ணுல வச்சு காப்பாத்தணும். இப்ப எடை முழுக்க அதுலதான். தினம் ராத்திரி உள்ளங்காலை கண்ணாடி வச்சு பாருங்க, விரல் இடுக்குல பாருங்க, வெறுங்காலோட வீட்டுக்குள்ளயும் நடக்காதீங்க, ஷூ போடறதுக்கு முன்னாடி உள்ள கை விட்டு கல்லு கில்லு இருக்கான்னு தடவிப் பாருங்க. நல்ல கால்ல கெண்டைச்சதை திடீர்னு வீங்கி வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம், அன்னைக்கே காட்டணும். ஸ்டம்ப்புல சீழ், நாத்தம், காய்ச்சல் இருந்தாலும் அதேதான்.

சின்னச் சின்ன விஷயங்கள், ஆனா தினமும் வரும்

பேண்ட் போடறது முதல் மாசம் எனக்கு கால் மணி நேர வேலை. காலை மாட்டறதுக்கு முன்னாடியே பேண்ட்டையும் ஷூவையும் செயற்கை காலுக்கு போட்டு விட்டுடுங்க, அப்புறம் காலை மாட்டுங்க, கடைசில நல்ல காலை விடுங்க. பாதம் மடங்காததால பேண்ட்ல சிக்கும், பாதத்துக்கு ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் கவரை மாட்டி நுழைச்சா வழுக்கிட்டு போயிடும். அதே கவர் ஷூ மாட்டவும் உதவும்.

வண்டி ஓட்டறத பத்தி கேப்பீங்க. வலது கால் இல்லாதவங்க செயற்கை காலால பிரேக் மிதிக்க முடியுதேன்னு தானா கிளம்பிடாதீங்க, பெடல்ல பாதம் எங்க இருக்குன்னு உணர்ச்சி கிடையாது. இடது கால் ஆக்ஸிலரேட்டர், கையால இயக்கற கன்ட்ரோல்னு வழி இருக்கு. இடது கால் மட்டும் இல்லாதவங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பெரும்பாலும் போதும். லைசென்ஸ், இன்சூரன்ஸ் விஷயத்தை முதல்ல முடிச்சுட்டு சாவியை எடுங்க.

மனசு. எனக்கு ஆஸ்பத்திரில ஒண்ணும் தெரியல, எல்லாரும் சுத்தி இருந்தாங்க. நாலாவது மாசம் வீட்ல எல்லாரும் வேலைக்கு போனப்புறம் ஹால்ல தனியா உக்காந்திருந்தப்ப விழுந்துச்சு ஒரு அடி, ரெண்டு வாரம் யார்கிட்டயும் பேசல, பயிற்சியும் செய்யல, பேண்டேஜும் கட்டல. அப்படி வந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, கவுன்சிலிங், தேவைப்பட்டா மருந்து, ரெண்டும் இதுக்கும் உண்டு. என்னை எழுப்பினது எனக்கு முன்னாடி கால் எடுத்த ஒருத்தர், பேசினது ஒரே ஒரு மணி நேரம், அதுல பாதி சாக்ஸ் பத்தி. உங்க பிசியோகிட்ட கேட்டா இப்படி யாராவது ஒருத்தரை அறிமுகப்படுத்துவார், கட்டாயம் கேளுங்க.

முதல் சாக்கெட்டோட உறவு நீண்ட நாள் இல்ல. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரைக்கும் ஸ்டம்ப் சுருங்கிக்கிட்டே இருக்கும், உடம்பு எடை ரெண்டு மூணு கிலோ ஏறி இறங்கினாலும் சாக்கெட் மாறுபடும். அதனால ஒரு சின்ன நோட்டு போட்டு தேதி, காலையில எத்தனை சாக்ஸ், சாயங்காலம் எத்தனை, எங்க சிவந்துச்சுன்னு எழுதி வைங்க. வெளிய போற பையில மாத்து சாக்ஸ், சின்ன டவல், கைக்கண்ணாடி, ஒரு பிளாஸ்டர் எப்பவும் இருக்கட்டும். காலுல கிரீச் சத்தமோ ஆட்டமோ வந்தா ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நீங்களே முறுக்காதீங்க, ஒரு சுத்துல பாதத்தோட கோணமே மாறிடும். என் நோட்டுல ஒன்பதாவது மாசம் சாயங்கால சாக்ஸ் கணக்கு 5ம் 5ம் 3ம் ஆகியிருந்துச்சு. கால் செய்யறவர்கிட்ட அதை நீட்டினேன், அவர் ஸ்டம்ப்பை கூட பாக்கல, ரெண்டு பக்கம் புரட்டிப் பாத்துட்டு மாவு கரைக்கச் சொல்லி உள்ள குரல் கொடுத்தார்.